மில்லக்காவின் மகளும் மூன்றாம் வகுப்பும்

மாவு மில் வைத்திருப்பவளை அந்தத் தெருவே மில்லக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்பார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மாமனார் வைத்த மில். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். ஆகவே பெல்ட் மாட்டுவது, மாவு சலிப்பது, வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இவள் தலையில். அரைத்தது சரியில்லை என்று குறை சொல்ல வந்தவர் எவரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே மோட்டாரைப் போட்டுவிடுவாள்.

மோட்டார் ஓடும்போது அந்த அறையில் வாயால் பேசிப் பயனில்லை. கைதான் பேசும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினால் நைசாக அரைக்க வேண்டும். உள்ளங்கையைக் குலுக்கினால் ரவையாக உடைத்தால் போதும். மணிக்கட்டைத் தட்டினால் அவசரம். அதற்கு மில்லக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். எல்லாருக்கும்தான் அவசரம் என்று அர்த்தம். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வீடு மில்லை ஒட்டியே இருந்தது, நடுவில் ஒரு கதவு மட்டும். அதனால் வீட்டுக்குள்ளும் கத்தல்தான். "என்னக்கா, சண்டையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். "இல்லடி, சாப்பிடக் கூப்பிட்டேன்" என்பாள் இவள்.

இந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் ஒரே மகள். ஒன்பது வயது. வருஷத்தில் எட்டு மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதால் அப்பா வைத்த செல்லப்பெயர் 'குழாய்'. சளி பிடிக்கும், காது வலிக்கிறது என்று அழுவாள், இரண்டு நாளில் எழுந்து ஓடுவாள். சளிக்கெல்லாமா டாக்டர் என்று விட்டுவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் விடவில்லை!

மில்லில் குழாய் படு சுட்டி. வாசலில் ஆள் கையைத் தூக்குவதற்குள் என்ன வேண்டும் என்று அம்மாவுக்குச் சைகை காட்டிவிடுவாள். யாருடைய டப்பா யாருக்குப் பின்னால் என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் மட்டும் முட்டை வாங்கினாள். இரண்டாம் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு வருஷம் உட்கார்ந்தாயிற்று. இப்போது மூன்றாம் வகுப்பு நோட்டிலும் பாதி வரி காலி.

அறிவில்லாத பிள்ளை என்றால் மில்லக்கா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அறிவு இருப்பதைத்தான் தினமும் கண்ணால் பார்க்கிறாளே! ஆகவே இது கொழுப்பு என்று முடிவு கட்டினாள். மோட்டார் ஓட ஓடவே பாடம் நடக்கும். "மக்கு! மில்லுல இருக்கற மூளை பள்ளிக்கூடம் போனா எங்கடி போகுது? மக்கு!" என்று தெருக்கோடி வரை கேட்கும். குழாய் தலையைக் குனிந்துகொள்வாள்.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆள் அனுப்பினார். மில்லக்கா மில்லைப் பூட்டிவிட்டு, புருவத்து மாவைக்கூடத் துடைக்காமல் போனாள்.

"இப்படியே போனா நாலாவதுக்கு அனுப்ப முடியாதும்மா" என்றார் டீச்சர். "திரும்பவும் இதே கிளாஸ்தான். இவளைவிட ரெண்டு வயசு சின்னப் பசங்களோட உக்காரணும். அதுக்கப்புறம் அவளுக்கே படிப்பு விட்டுப்போயிடும். நான் நிறையப் பாத்திருக்கேன்."

 மில்லக்காவே ஐந்தாவதோடு நின்றவள். மகளும் இந்த மில்லிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வைராக்கியம்.

"ஒரு நிமிஷம் பின்னாடி உக்காருங்க. டிக்டேஷன் முடிச்சிட்டு வந்து பேசறேன்."

கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். மகள் நடு வரிசையில் இருந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை அவள்மேலேயே வைத்தாள்.

டீச்சர் நடந்துகொண்டே வார்த்தைகளைச் சொன்னார். முன்னாலிருந்து சொன்னது மில்லக்காவுக்குப் புரிந்தது. திரும்பி நடந்தபடி சொன்னது, மேலே சுற்றும் ஃபேன் சத்தத்தில் எங்கோ போயிற்று. என்ன இந்தம்மா முணுமுணுக்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. ஆனால் முப்பது பிள்ளைகளும் எழுதினார்கள். எழுதாமல் பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தவள் குழாய் மட்டும்தான். டீச்சர் முகம் திரும்பியதும் எழுதினாள். முதுகு திரும்பியதும் நிறுத்தினாள். முகம் போகும் பக்கமெல்லாம் அவள் கழுத்தும் போயிற்று.

மில்லக்காவுக்குச் சுரீர் என்றது. அவளுடைய கழுத்தும் அதே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. வாயைப் பார்க்கிறாள்! மில்லில் நாம் பார்ப்பதுபோல இங்கேயும் பார்க்கிறாள்! அந்த வகுப்பறையில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளை பராக்குப் பார்க்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மணி அடித்ததும் எழுந்து போய் மகளுக்குப் பின்னால் நின்றாள். "குழாய், ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டா?" என்றாள், சாதாரணக் குரலில். சுற்றியிருந்த நாலு பிள்ளைகள் ஆவலாகத் திரும்பின. குழாய் நிதானமாகப் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தாள்.

யோசித்துப் பார்த்தால், மில்லக்கா தன் மகளிடம் கத்தாமல் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"டீச்சர்..." என்றாள். டீச்சரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "எனக்காவது தோணியிருக்கணும்மா" என்றார்.

மறுநாளே மில்லுக்கு லீவு. காது டாக்டர் ஒரு சின்ன விளக்கை வைத்து இரண்டு காதுகளையும் பார்த்தார். பிறகு குழாயைத் தனி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற மில்லக்கா, மகள் எப்போது கையைத் தூக்குவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கை மடியிலேயே கிடந்தது. அந்தக் கையைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "காது சவ்வுக்குப் பின்னாடி நீர் கட்டிக்கிட்டிருக்கு. அடிக்கடி சளி பிடிச்சா சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும். கத்துனா கேக்கும். சாதாரணமாப் பேசுனா பாதிக்கு மேல போய்ச் சேராது. காதைப் பொத்திக்கிட்டு கிளாஸ்ல உக்காந்தா யாருக்குத்தான் பாடம் ஏறும்?"

"சரியாயிடுமா டாக்டர்?"

"ஆயிடும். மருந்துல போகலைன்னா சின்னதா ஒரு துளை போட்டு நீரை எடுத்துடலாம். மாவுத் தூசியில உக்கார வெக்காதீங்க. அப்புறம், உங்களுக்கும் ஒருதரம் டெஸ்ட் பண்ணணும். நான் திரும்பிப் பேசுனா நீங்க பதில் சொல்ல மாட்டேங்கறீங்க."

"என்னோடது கிடக்கட்டும் டாக்டர். இவளோடதைப் பாருங்க."

மருந்தில் போகவில்லை. துளை போட்டார்கள். கட்டு பிரித்ததுபோல ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவும் இல்லை. இரண்டு வகுப்புப் பாடம் காதுக்குள்ளேயா காத்துக்கொண்டிருக்கும்? டீச்சர் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார். பள்ளி விட்டதும் குழாய் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். அங்கேதான் தூசி இல்லை, சத்தமும் இல்லை.

முழுப் பரீட்சையில் தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். நாலாம் வகுப்பு என்று மார்க் அட்டையில் எழுதி டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மில்லக்கா அதை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"இத்தனை நாளா கிளாஸ்ல எல்லாரும் உன்னை ரொம்பத் திட்டியிருப்பாங்க, இல்லடா கண்ணு?"

குழாய் கொஞ்சம் யோசித்தாள். "திட்டுவாங்கன்னு பக்கத்துல இருக்கறவ சொல்லுவாம்மா. எனக்கு எங்க கேட்டுச்சு?"

"நல்லவேளை."

"நீ திட்டுறதுதான் நல்லாக் கேக்கும். அது மட்டும் அப்பவே கேக்கும்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.  உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளையின் காதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது 'மக்கு' ஒன்றுதான்.