எட்டுக் கேள்விக்குறிகள்

செல்வமணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் தப்பைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போட எனக்கும் ஆசை. ஆகவே அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

தேனியில் மதுரை ரோட்டில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் வைகுண்டராஜ். கடைக்கு மேலே மாடியில் செல்வமணியின் அலுவலகம். 'மணமாலை தகவல் மையம்' என்று பலகை தொங்கும். அவன் போடிக்காரன், அப்பா அங்கே பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் மதுரையில் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். அந்தப் படிப்பு எனக்கு ஸ்க்ரூ டிரைவர் வேலையாக முடிந்தது, அவனுக்குக் கல்யாண வேலையாக. வயது நாற்பத்து நாலு. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரே சிரித்து ஓய்ந்த விஷயம்தான். நீங்களும் ஒரு தடவை சிரித்துவிடுங்கள், மேலே போவோம்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், சுற்றுவட்டாரக் கிறிஸ்தவச் சபைகளில் மாப்பிள்ளை, பெண் விவரமெல்லாம் பாஸ்டர்களின் நோட்டுப் புத்தகத்தில் கிடந்தது. ஆண்டிபட்டியில் பெண் இருப்பது கம்பத்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. செல்வமணி அந்த நோட்டுகளை வாங்கி வந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு டேட்டாபேஸில் ஏற்றினான். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அதற்கென்று இருக்கிற பக்தர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஆட்களுக்கு ஒரு அட்டவணை, ஊர்களுக்கு ஒன்று, சபைகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணை வைத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். முப்பது வயதுக்குள், பட்டப்படிப்பு, போடிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் என்று கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிடும்.

"ஏலே, காசு குடுத்து ஒரு சாப்ட்வேர் வாங்கு. கெட்டுப்போனா போன் போட்டுத் திட்டவாச்சும் ஒரு ஆள் இருப்பான். இதுக்கு யாரத் திட்டுவ?" என்று அப்போதே கேட்டேன்.

"கெட்டாத்தான திட்ட?" என்றான்.

நியாயமாகச் சொன்னால் அது கெடவில்லை. நான் தூக்கிப் போடச் சொன்ன பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லி யாரும் கடிதம் போடவில்லை. விவரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி ஏறியும் பாதி ஏறாமலும் நிற்காது. ஏறினால் முழுசாக ஏறும், இல்லாவிட்டால் ஏறவே ஏறாது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம். நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

குறையும் உண்டு. மாட்டிக்கொண்டால் இணையத்தில் இங்கிலீஷில் புலம்பிவிட்டு, ஊர் பேர் தெரியாத யாராவது இரக்கப்படுகிற வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததை உள்ளே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருக்கும். இந்த விஷயத்தில் அதுவும் செல்வமணியும் ஒரே ரகம்.

ஒவ்வொருவர் விவரத்திலும் கடைசியாக 'எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தான். பெயர், படிப்பு, ஊர் எல்லாம் சர்ட்டிபிகேட்டில் உள்ளபடி இங்கிலீஷில். அந்தக் கட்டம் மட்டும் தமிழில். 'தேவபக்தியுள்ள, நல்ல குணமுள்ள' என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் அதில் எழுதினார்கள். ஏ4 தாளின் அகலத்தில் அது அடங்காது என்பதால், பட்டியல் எடுக்கிற கட்டளையில் அதைச் சேர்க்காமலே விட்டான். அதனால் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

2012இல் ஜெபா டீச்சர் வந்தார். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அப்போது வயது இருபத்தெட்டு. அப்பாவோடு வந்து விவரம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த செல்வமணி என் கடையில் ஒரு டீயை அரை மணி நேரம் கையில் வைத்திருந்து, குடிக்காமலே கீழே வைத்தான். எனக்கு விளங்கிவிட்டது.

"உன் பேரையும் ஏத்தி அவுகளோட பொருந்துதான்னு பாரு," என்றேன்.

"நம்மள நம்பி விவரம் குடுக்குறாக. நம்மளே எடுத்துக்கிட்டா நல்லாயிருக்காது," என்றான்.

அதோடு நிற்கவில்லை. தன் கடமை என்று டீச்சருக்குப் பொருத்தமான மாப்பிள்ளைகளைத் தானே பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை தபாலில் போட்டுவிட்டு வரும்போதும் முகம் செத்துக் கிடக்கும். டீச்சர் ஒவ்வொருவரையும் வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதைப் போனில் சொல்லலாம். அவர் கம்பத்திலிருந்து பஸ் ஏறி, மாடிப்படி ஏறி வந்து, நேரில் சொல்லிவிட்டுப் போவார். இதை நான் எடுத்துச் சொன்னால், "அவுகளுக்குத் தேனில வேற வேலை இருக்கும்" என்பான். அவனை அறைய வேண்டும் போல இருக்கும்.

2015இல் ஒரு சனிக்கிழமை காலை டீச்சர் வந்து, "எதிர்பார்ப்புன்னு எழுதுனத மாத்தணும். நானே டைப் பண்ணிக்கிறேன்," என்றார். நான் அப்போது பிரிண்டரைப் பழுது பார்த்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன். செல்வமணி நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மரியாதைக்காக வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றான். டீச்சர் பழையதை அழித்துவிட்டு ஒரே ஒரு சொல் அடித்தார்; நடுவில் ஸ்பேஸ் பார் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை, திரை என் பக்கம் தெரியவில்லை. சேமித்தார். எழுந்து, "படிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவன் படிக்கவில்லை, என்னையும் படிக்க விடவில்லை. ஒரு மாதம் கழித்து நான் கேட்டபோது, "அதுல அரசு வேலைன்னு இருந்தா என்னலே செய்வேன்? படிக்காம இருந்தா எதுவா வேணும்னாலும் இருக்கலாம்ல," என்றான். அப்புறம் நாட்கள் போயின. கொரோனாவுக்குப் பிறகு டீச்சர் நேரில் வருவது நின்றுபோனது. கம்பம் பஸ் ஒன்று ஸ்டாப்பில் நின்றால் இவன் ஜன்னலுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. இறங்குகிறவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பான். பஸ் கிளம்பியதும் உள்ளே போய்விடுவான்.

இனி என் தப்பு. போன வருடம் ஜனவரியில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் கடைசி மூச்சு விட்டது. புது மிஷினில் எல்லாவற்றையும் நான்தான் ஏற்றினேன். அட்டவணைகளை உருவாக்கும்போது, இதில் தமிழ் எழுத்து வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேராக இருந்தால் வழியை மறித்துக் கூப்பாடு போட்டிருக்குமோ என்னவோ, இது வேலையை முடித்துவிட்டு, 'எச்சரிக்கைகள்: 412' என்று ஒரு வரி காட்டியது. என்ன எச்சரிக்கை என்று தெரிய அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பட்டியல் சரியாக வந்தது, இங்கிலீஷ் விவரமெல்லாம் அப்படியே இருந்தது. பழைய டிஸ்கைத் துடைத்து ஒரு லாரி செட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் ஏறுகிற நகலும் பழைய நகலின் மேலேயே ஏறிவிட்டது.

ஏப்ரலில் மயிலாடும்பாறையிலிருந்து சண்முகராஜ் என்று ஒரு மாப்பிள்ளை போன் செய்து, தான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொன்னார். செல்வமணி அந்தக் கட்டத்தைத் திறந்தான். வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய எதிர்பார்ப்பும் கேள்விக்குறியாகிவிட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களை ஏற்றி முடித்ததுமே அவன் கிழித்துப் போட்டிருந்தான், திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. என்னைத் திட்டுவான் என்று நின்றேன். "எல்லாருக்கும் போன் போட்டு மறுபடி கேப்போம்," என்று மட்டும் சொன்னான். எனக்குத் திட்டே தேவலாம் போலிருந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அழிந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஆனால் நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணாது. 'செ' என்றால் ச ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டு. புள்ளிக்கும் ஒன்று. நான் ஜெபா டீச்சரின் கட்டத்தைத் திறந்தேன். எட்டுக் கேள்விக்குறிகள். ச, கொம்பு, ல, புள்ளி, வ, ம, ண, மேல்விலங்கு. விரல் விட்டு எண்ணினேன், மறுபடியும் ஒருதரம் எண்ணினேன்.

"லேய், உன் பேரும் எட்டுத்தான்டா!"

அவன் தலையைத் திருப்பவில்லை. "ஆசிரியர்னாலும் எட்டுத்தான்," என்றான்.

ஏற்கெனவே எண்ணியிருக்கிறான். எத்தனை தடவை எண்ணினானோ.

அன்று தொடங்கி மூன்று வாரம், மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் கேட்பான், நான் டைப் செய்வேன். பாதிப் பேர் என்ன எழுதினோம் என்பதையே மறந்திருந்தார்கள். "அப்ப என்ன சொன்னேனோ அதையே போட்டுக்கங்க பிரதர்," என்றார் ஆண்டிபட்டியிலிருந்து ஒரு அம்மா. சண்முகராஜ், "பத்து வருசத்துக்கு முன்னாடி பட்டதாரிப் பொண்ணுன்னு எழுதுன ஞாபகம். இப்ப யாரா இருந்தாலும் சரிங்க," என்றார். அதை டைப் செய்யும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

டீச்சரின் எண்ணை அவன் கடைசிக்கு ஒதுக்கிக்கொண்டே வந்தான். கடைசி நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான், போனில் என்னவோ வேட்டி தெரியப் போகிறது என்பது போல. "இன்னைக்கு என்னன்னாலும் கேட்டுர்றேன்," என்றான். சாயங்காலம் நாலரைக்கு எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் டீச்சர். "பிப்ரவரில ஒரு விவரம் அனுப்புனீகள்ல, குமுளில ஏலக்கா கடை வச்சிருக்காகளே, சம்சாரம் தவறிப்போனவுக. அவுகளுக்கே சரின்னு சொல்லிட்டோம். போன ஞாயித்துக்கிழம நிச்சயம் முடிஞ்சது."

அந்தப் பொருத்தத்தை எடுத்துக் கொடுத்தது டேட்டாபேஸ்தான். தாளை அச்செடுத்துக் கொடுத்தது நான்.

"சந்தோசம் டீச்சர்," என்றான் செல்வமணி. மறுபடியும், "ரொம்ப சந்தோசம்."

"நீங்க எதுக்குக் கூப்பிட்டீக?"

"ஒண்ணுமில்ல. இங்கன மிஷின் மாத்துனதுல, எதிர்பார்ப்புன்னு எழுதுனதெல்லாம் அழிஞ்சுபோச்சு. எல்லார்கிட்டயும் திரும்பக் கேக்குறோம். உங்களுக்கு இனி வேண்டியதில்ல."

"எல்லாமே அழிஞ்சுபோச்சா?"

"வெறும் கேள்விக்குறியா நிக்குது. உங்களுதுல எட்டு." திரையில் விரல் வைத்து ஒருதரம் எண்ணினான். "ஆசிரியர்னு எழுதியிருந்தீகளோ?"

டீச்சர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல பாக்குறது பத்தாதுன்னு வீட்லயும் ஒரு ஆசிரியரா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்ப நீங்க அதப் படிக்கவேயில்லையா?"

"இல்ல."

"இத்தன வருசமாவா?"

"படிக்கல டீச்சர்."

ஏதோ ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

"நீங்க படிச்சிட்டுத்தான் வேற வேற ஆளா அனுப்புறீகன்னு நெனச்சேன்," என்றார் டீச்சர். "அதத்தான் உங்க பதில்னு எடுத்துக்கிட்டேன்."

செல்வமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "என்ன எழுதியிருந்தீக?" என்று கேட்டான். பன்னிரண்டு வருடத்தில் அவன் அவரிடம் தனக்காகக் கேட்ட ஒரே கேள்வி அது.

"இனி அதச் சொல்றது முறையில்ல," என்றார் டீச்சர். "பஸ் வந்துருச்சு. அடுத்த மாசம் கல்யாணம், பத்திரிக அனுப்புறேன். கண்டிப்பா வரணும், பிரதர்."

போன் அணைந்தது. சபையில் எல்லோரும் எல்லோரையும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் மட்டும் அன்றுவரை அவனை ஒருமுறையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.