யாரும் அழைக்காத ஐந்து வாரம்

கடலுயிரியல் துறைக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் ஓய்வுபெற்றபோது இருபத்திரண்டு வருட நிர்வாகமும் அவரோடேயே போய்விட்டது. உப்பங்கழியான களப்புக்குப் போகப் படகை யாரிடம் கேட்பது என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியவில்லை. துறையில் எட்டு விரிவுரையாளர்கள் இருந்தும் அந்த வருடம் வெளிவந்தது ஒரேயொரு ஆய்வுக் கட்டுரை.

தலைமைப் பொறுப்பை இரண்டு பேர் மறுத்த பிறகுதான் பல்கலைக்கழகப் பீடாதிபதி விரிவுரையாளர் மஹ்மூதாவிடம் வந்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்து, களப்போரத்து எத்தாளையில் வளர்ந்து, அந்தக் களப்பு இறாலைப் பற்றியே கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அவர்.

முதல் வாரமே ஒவ்வொருவரின் அறைக்கும் போனார்.

“நிலானி, எழுத விடாமத் தடுக்கிறது என்ன?”

“கூட்டம்தான் மெடம். கூட்டம் முடிஞ்சா அறிக்கை. அறிக்கை குடுத்தா அதுக்கொரு கூட்டம்.”

கூட்டங்கள் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. புதன்கிழமைகளில் விரிவுரை கிடையாது. களப்போ ஆய்வுகூடமோ அவரவர் விருப்பம். நிர்வாக வேலையை மாதம் ஒருவராக எல்லோரும் மஹ்மூதாவோடு இருந்து பழகினார்கள். முணுமுணுத்தவர்களும் உண்டு. மூன்றாம் வருடம் கட்டுரைகள் பதினொன்றாயின. மஹ்மூதாவின் பெயரில் மட்டும் ஒன்றும் இல்லை.

அந்த வருடம்தான் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் கால் முறிந்தது. ஐந்து வாரம் வீட்டில் கிடந்தார். துறையிலிருந்து நலம் விசாரித்தார்களே தவிர, வேலை விஷயமாக ஒருவரும் அழைக்கவில்லை. நாலாம் நாள் அவருக்கே மனம் சுருக்கென்றது.

“நான் இல்லாமலும் எல்லாம் நடக்குது போல” என்றார் கணவரிடம்.

“அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க?” என்றார் அபூசாலி.

மஹ்மூதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊன்றுகோலோடு திரும்பிய அன்றே பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்து, நிலானியின் பெயரைப் பரிந்துரைத்தார். பதவிக்காலத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சமிருந்தது.

“நீங்க இருக்கக்குள்ள நான் எப்படி மெடம்?”

“நான் இருக்கக்குள்ளதான் எடுக்கோணும். பேராசிரியர் போன பிறகு கேக்க ஆளில்லாம நாங்க பட்ட பாடு தெரியும்தானே? உங்களுக்குக் கேக்கப் பக்கத்து அறையில ஆளிருக்கு.”

முதல் மாதம் நிலானி அந்த அறைக் கதவை ஒன்பது தடவை தட்டினார். அடுத்த மாதம் இரண்டே தடவை. மஹ்மூதாவுக்கு நேரம் கிடைத்தது. நான்கு வருடமாகப் பாதியில் நின்ற இறால் கட்டுரையை எழுதி முடித்து அனுப்பினார்.