எஸ்ஸுக்கு முன்னால் ஓர் 'இ'

ஏலக்காய் உலர்த்தும் புகையின் காரமான மணம் ஏறிய பாவாடைகளோடுதான் நானும் செல்வியும் ஆனைக்கரைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் போய்வந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. காய் உலர்த்தும் கூடத்தைத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் எல்லோரும் 'இஸ்டோரு' என்பார்கள், பள்ளியை 'இஸ்கூலு' என்பார்கள். எஸ் எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் எங்கள் நாக்கு தானாகவே ஓர் 'இ'யை வைத்துவிடும். கம்பத்திலிருந்து வந்த புது வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. "வாயில ஈ பூந்துருச்சா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். எனக்கு அந்த 'இ' சீக்கிரமே விட்டுப்போயிற்று, செல்விக்குப் போகவில்லை.

அந்த வருடம் குமுளியில் விடுதியோடு கூடிய பள்ளியில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆங்கிலப் பாடத்தைப் பிழையில்லாமல் வாசிக்கும் பிள்ளையைத்தான் அனுப்புவேன் என்றார் வாத்தியார். கணக்கிலும் கையெழுத்திலும் செல்வி என்னைவிடக் கெட்டிக்காரி. தகப்பனில்லாத அவளிடம் அவள் அம்மா, "இது கெடைக்கலன்னா எங்கூடக் காயெடுக்க வந்துரு" என்று சொல்லியிருந்தார். அதனால் வாசிப்புக்கு இருந்த பத்து நாளும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, பாம்பு சீறுவதுபோல் காற்றை விட்டுப் பழகினாள். 'இ' வந்ததா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சொன்னவள் நான்தான்.

வாசிப்பு நாளன்று காலை, ஏலச்செடிகளுக்கு நடுவே சட்டென நின்று, "ஸ்கூல், ஸ்டோர், ஸ்டார்" என்றாள். ஓர் 'இ'கூட இல்லை. வகுப்பிலும் இப்படி வாசித்தால் குமுளி இடம் அவளுக்குத்தான்.

"இப்ப சரியா வந்துச்சாடி?"

"இல்ல. இன்னும் 'இ' வருது" என்றேன்.

அவள் நம்பினாள். வகுப்பில் புத்தகத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றவள், வாத்தியார் இரண்டு முறை அதட்டியும் வாயைத் திறக்கவேயில்லை. குமுளிக்கு நான் போனேன். அடுத்த வாரமே அவள் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் இறங்கினாள்.

பல வருடங்கள் கழித்து, நான் ஆசிரியையான பிறகு, கம்பம்மெட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது படிச்சியே, அது போதும். எனக்குத்தான் நாக்கு வளையல, என்ன செய்ய?" என்று சிரித்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். பஸ் வந்தது, அதையே சாக்காக வைத்து ஏறிக்கொண்டேன்.

இன்று அந்த லயம் இல்லை. பள்ளி நின்ற இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. செல்வி இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. துக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உறவினர்களிடம் சொன்னாள்: "எங்கம்மாவோட கூட்டாளி. அம்மாவுக்கு இங்கிலீசு வரணும்னு சின்ன வயசுல ரொம்பப் பாடுபட்டவங்க."