போய்ச் சேராத மௌத்து அறிவித்தல்

உம்மா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். நடுப்பகல் ளுஹர் தொழுததும் அடக்கம் என்று வீட்டுக்கு மூத்த பிள்ளையான காக்கா பள்ளிவாசலோடு பேசி முடித்தார். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். வருகிறவர்கள் உட்காரக் கதிரை அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன்.

எங்கள் பள்ளியின் மௌத்து அறிவித்தல் சேவையை எழுதியவன் நான்தான். பாங்கு சொல்லும் மோதினார் தன் டெப் திரையில் விபரத்தைத் தட்டினால் அது சேர்வருக்குப் போகும், அங்கிருந்து ஊர்க்காரர், உறவுக்காரர் எல்லாருடைய போன்களுக்கும் போகும். அது வந்த பிறகு யாரும் போன் எடுத்து மௌத்துச் சொல்வதில்லை. மெசேஜ் போயிருக்கும்தானே என்று இருந்துவிடுவார்கள்.

பத்து மணியாகியும் சவளக்கடையிலிருந்து சாச்சி வரவில்லை. உம்மாவின் ஒரே தங்கை. எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. மையித்தை வீட்டிலிருந்து எடுக்க முன் வந்தால்தான் அவருக்கு ராத்தாவின் முகம் கிடைக்கும். மோதினாருக்குப் போன் எடுத்தேன்.

"நான் விடியவே அனுப்பிட்டன் தம்பி. பச்சைச் சரி அடையாளம் விழுந்திருக்கு."

அந்தப் பச்சைச் சரிக்கு என்ன, டெப்பிலிருந்து கிளம்பினாலே விழுந்துவிடும். போய்ச் சேர்ந்ததா என்று அதற்குக் கவலையில்லை.

லெப்டொப்பைத் திறந்தேன். உள்ளே பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். காக்கா வந்து நின்றார்.

"உம்மாட மையித்து கிடக்குது. இப்பயும் உனக்கு வேலையா?"

"மெசேஜ் ஒருத்தருக்கும் போகல்ல காக்கா. சாச்சிக்கும் போகல்ல."

"அப்ப போனெடுத்துச் சொல்லன்!"

"ஓம்," என்றேன். கபுறு வெட்டுகிறவர்கள் கூப்பிட, அவர் போய்விட்டார். நான் போன் எடுக்கவில்லை. உம்மா மௌத்து என்று அதுவரை என் வாயால் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. மெசேஜே சொல்லட்டும் என்று இருந்தேன்.

சேர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். டெப் விடியலிலிருந்து திரும்பத் திரும்ப வந்து தட்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் சேர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. முகவரி சரி. கடவுச்சொல் சரி. பிறகுதான் பிடிபட்டது. சேர்வரை வாடகைக்குத் தந்திருக்கும் கம்பனி, போன கிழமை அதன் பாதுகாப்பை இறுக்கியிருந்தது. இனிப் புதிய குறியாக்க முறையில் வந்தால்தான் ஏற்கும். மோதினாரின் பழைய டெப்புக்கோ பழைய முறை மட்டும்தான் தெரியும். இரண்டும் ஒரே முறைக்கு ஒத்துக்கொள்ளாமல் கதை தொடங்கவே தொடங்காது.

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உள்ளே கிடந்த உம்மாவுக்கு என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. இதற்கு இருந்தது. பள்ளிக்கு ஓடி டெப்பைத் திருத்த நேரமில்லாததால், இப்போதைக்குப் பழைய முறையையும் ஏற்கும்படி சேர்வரின் அமைப்பை மாற்றி, அதை நிறுத்தி மறுபடி இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் பெண்களின் போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன. யாஸீன் கொஞ்சம் தடுமாறி, பிறகு தொடர்ந்தது.

அடுத்ததாக அலுமாரிக்கு மேலிருந்த உம்மாவின் போன் அடித்தது. சாச்சி. பெண்களின் மௌத்தென்றால் அறிவித்தலில் பெயர் போடமாட்டார்கள், இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்றுதான் வரும். ஒவ்வொரு தடவையும் சாச்சி உம்மாவுக்கு எடுத்து எந்த வீடு என்று விசாரிப்பார். அதிலிருந்து இருவருக்கும் கதை அரை மணித்தியாலம் போகும்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"ராத்தா, மௌத்து மெசேஜொண்டு வந்திருக்கு. கண்ணாடியக் காணல்ல, எழுத்து விளங்குதில்ல. ஆர்ர மௌத்தெண்டு பாத்துச் சொல்லுங்க."

"சாச்சி," என்றேன்.

"மகனா? உம்மாட்டக் குடுங்க மகன்."

"உம்மா மௌத்தாகிட்டா சாச்சி. கெதியா வாங்க, ளுஹருக்கு எடுக்கிற."

மோதினாரோடு பேசிய அதே குரலில்தான் சொன்னேன். சாச்சிக்கு அது விளங்கவில்லை.

"என்ன மகன்?" என்று கேட்டார்.

இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.