எந்த முனையிலிருந்து வெட்டுவது

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்றார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்திருந்தது.

அணுக்கழிவை நிலத்தின் ஆழத்தில் புதைக்கும்போது சுற்றிலும் களிமண்ணைத் திணிப்பார்கள். அந்த மண்ணுக்குள் யுரேனியம் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகும் என்று அறிய, ஒரு குழாய்க் களிமண்ணோடு ஒன்பது வருடம் மாரடித்தவர் அவர். ஒரு முனையில் யுரேனியம் கரைத்த தண்ணீர், மறுமுனை சுத்தம். கடைசியில் சுத்தமான முனையிலிருந்துதான் வில்லை வில்லையாக வெட்டி அளக்க வேண்டும். மாற்றி வெட்டினால் கத்தியே யுரேனியத்தை எல்லா இடத்திலும் பூசிவிடும்.

அடுத்த வாரம், அவரோடு வேலை பார்த்த நண்பர் வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்தார்.

“அண்ணி, அறையைக் காலி பண்ணச் சொல்லி மேலதிகாரி குதிச்சாரு. நானே வெட்டிட்டேன். முனை மாறிப்போச்சு.”

“அப்ப அந்த ஒன்பது வருஷம்?”

“ஒண்ணுத்துக்கும் உதவாது அண்ணி.”

“கல்யாண நாளுக்குக்கூட லீவு போடாத மனுஷன். அந்த மண்ணு எனக்குச் சக்களத்தின்னு சிரிப்பேன். அவளையும் சேத்துக் கொன்னுட்டீங்களே!”

“ரெண்டு முனையும் பாக்க ஒரே மாதிரி இருந்துச்சு.”

“அடையாளச் சீட்டு ஒட்டலையா அவரு?”

இறந்த அன்று காலையில்தான் அவர் குழாயைக் கழற்றி, அதன் நடுவில் சீட்டையும் ஒட்டியிருந்தார். எந்த முனை சுத்தம் என்று காட்டும் அம்புக்குறி மட்டும் போட்டிருக்கவில்லை.