கண்ணாடியைக் கழற்றினால்

என் அக்கா புருஷனை ஊரே மைக்செட் என்றுதான் கூப்பிடும். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். மேடை ஓரத்தில் பெட்டியின் குமிழ்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். சுதந்திரத்தைப் பற்றி அவர் காதில் விழாத பேச்சே இல்லை. விழுந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் வார்டு உறுப்பினர் மேடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், பேசிக்கொண்டிருப்பவரின் மைக் அணைய வேண்டும். அதுதான் அவருக்கும் மாமாவுக்கும் ஏற்பாடு. ஜனங்கள் கேட்டால் ஒயர் கோளாறு என்பார்கள். நான் திட்டினால் மாமா சிரிப்பார்.

"நானா பேச வேணாம்னேன்? நான் வெறும் கரண்டு ஆளும்மா."

கரண்டு ஆளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம், சாலையை அகலமாக்க எங்கள் தெருவை இடிப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மைக்கில் சொல்லும் ஆட்சேபணை மட்டும்தான் பதிவாகும் என்று அறிவிப்பு. தெருக்காரர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் எழுந்து போனாள். முதலில் இடிபடப்போவது அவள் வீடு. மாமாவின் வீடும் அதுதானே!

"எங்க பக்கம் மட்டும் ஏன் இடிக்கறீங்க? எதிர்ப்பக்கம் காலி மனை சும்மாதானே கெடக்கு? அது யாரோடதுன்னா..."

மைக் செத்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மாமாவின் கை குமிழில் இருந்தது.

"யார் சொல்லி அணைச்சீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மாமா மேடையைக் காட்டினார். அங்கே உறுப்பினர் ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் கைக்குட்டையுமாக விழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயய்யோ, நான் ஒண்ணும் சொல்லலியேம்மா! வேர்த்துச்சு, தொடைச்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீடு பறிபோகப்போகிறவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்! மாமா பதறிப்போய்க் குமிழைத் திருகினார். அந்தப் பதற்றத்தில் அவர் கை திறந்தது அக்காவின் மைக்கை அல்ல, உறுப்பினருடையதை. அந்த மனுஷனா விடுவான்?

"ஆட்சேபணை எதுவும் இல்லை. கூட்டம் முடிந்தது."

கணீரென்று கேட்டது. பதிவும் ஆனது.

மிரட்டி வாயை அடைத்தால் எதிர்த்து நிற்கலாம். யாரும் மிரட்டாமலே அடங்கிப்போகிற கையை வைத்துக்கொண்டு என்ன சுதந்திரம் பேசுவது? பதவியில் இருப்பவர்களுக்கு இனிமேல் போலீஸ் எதற்கு, தடியடி எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் மாமா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அக்கா முன்னால் நின்றார்.

"கை தானா போயிடுச்சு. சத்தியமா."

"தெரியும்," என்றாள் அக்கா. "அந்தாளு சொல்லி அணைச்சிருந்தாக்கூட உங்கள மன்னிச்சிருப்பேன்."