அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்த படம்

மடித்த அந்தத் தாளை அவர் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். படத்தை வரைந்தவன் நான். கேகாலையில் ஒரு பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியனாக இருந்தேன். அவர் பக்கத்து இறப்பர் தோட்டத்து எலக்ட்ரீசியன், என் வயதுக்காரர். தினமும் ஒரே பஸ். நியூத்திரன் எப்படிச் சிதைகிறது என்று ஒருநாள் கேட்டார். பரீட்சைத் தாளொன்றின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன்: ஒரு நேர்கோடு வருகிறது, ஒரு புள்ளியில் திசை மாறிப் போகிறது, அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நெளிகோடு கிளம்பி, முடிவில் இரண்டாகப் பிரிகிறது. கோடுகளில் அம்புக்குறிகள், நுனிகளில் ஆங்கில எழுத்துகள். "இதுல ஃபியூஸ் எங்கங்க சேர்?" என்று சிரித்தார். தாளை வாங்கிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம் அது. சில வாரங்களுக்குப் பின் ஒரு காலை, பொலிஸார் பஸ்ஸை மறித்து, சோதனைக்கு எல்லோரையும் இறக்கினார்கள். அவர் அட்டையை உருவியபோது தாளும் கூடவே வந்தது. பொலிஸ்காரர் அதை விரித்து, எந்த இடத்தின் வரைபடம் என்று கேட்டார். அணுவுக்குள் நடப்பது என்று அவர் நல்ல சிங்களத்தில் சொன்னார். அணு என்ற சொல் நிலைமையை இன்னும் கெடுத்தது. யார் வரைந்தது என்றபோது, என் பக்கம் திரும்பாமலே, தானே வரைந்ததாகச் சொன்னார். அடுத்து நின்ற என் அட்டையில் தொழில் ஆசிரியர், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பொலிஸ்காரர் படத்தை என்னிடம் நீட்டி, இது என்ன மாஸ்டர் என்றார். "தன்னே நே" என்றேன், தெரியாது என்று. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்களை பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள்.

அவருடைய மனைவி என் அறைக்கு வந்தார். "அது பாடத்துல உள்ள படந்தான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க சேர்" என்றார். அதிபரிடம் கேட்க வேண்டும் என்றேன். கேட்கவில்லை. மூன்று தடவை வந்தார், பிறகு வரவில்லை. எண்பதை நெருங்கும் இன்றும் இதை நினைக்கையில் அழுகை வருவதில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிய அன்று, முதலாம் பாடத்துக்கு நேரத்துக்குப் போய்விட்டேன் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

பதினொரு மாதம் கழித்து அவரை விட்டார்கள். பாடசாலை வாசலில் வந்து நின்றார். இடது கையை உயர்த்த முடியவில்லை. அவர்தான் பேசினார்.

"அந்த நெளிகோடு எந்த ரோடுன்னே கேட்டுக்கிட்டு இருந்தாங்க சேர். மத்ததுக்கெல்லாம் பேரு சொன்னேன். அதுக்கு மட்டும் சொல்லத் தெரியல. என்னங்க அதுக்குப் பேரு?"

அதன் பெயரை நான் சொல்லியிருக்கவில்லை. ஓர் எலக்ட்ரீசியனுக்கு எதற்கு என்று விட்டிருந்தேன்.

டபிள்யூ போசோன் என்றேன். அவர் இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு, பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.